பயிற்சியில் ஒரு பீடபூமி

‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. முயற்சியின் சிறப்பை இதனினும் சுருங்கச் சொல்வது அரிது. ஆயினும், அடிமேல் அடி அடித்தும் அம்மி நகராத காலம் ஒன்று பலருடைய வாழ்விலும் வருவதுண்டு. வீணை பயிலும் சிறுமிக்கும், தட்டச்சுப் பழகும் இளைஞனுக்கும், நடுவயதில் ஒரு விளையாட்டைத் தொடங்கிய அலுவலருக்கும் இது பொது. தொடக்கத்தில் நாளுக்கு நாள் கண்கூடாகத் தெரிந்த வளர்ச்சி, ஒரு கட்டத்தில் காரணம் புலப்படாமல் நின்றுவிடுகிறது. உழைப்புக் குறையவில்லை, பயன் மட்டும் கூடவில்லை. ‘நமக்கு விதித்தது இவ்வளவே’ என்று மனஞ்சோர்ந்து கைவிடுவோர் பலர். அவ்வாறு கைவிடுவது முறைதானா என்பதை, மும்பையில் வாழும் நம்மவருள் பெரும்பாலோர் மதிலுக்கு வெளியே நின்று மட்டும் கண்டிருக்கக்கூடிய கோல்ஃப் விளையாட்டைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

தமிழர் திரளாக வாழும் செம்பூரில், 1927ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பாம்பே பிரசிடென்சி கோல்ஃப் மன்றத்தின் பசும்புல் வெளி பரந்து கிடக்கிறது. இவ்விளையாட்டு இந்தியாவுக்குப் புதிதன்று. கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு மன்றம் தோன்றிவிட்டது. நம் கொடைக்கானலிலும் 1895 முதல் ஒரு மன்றம் உண்டு. ஆட்டத்தின் விதி எளிது. 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமும் 45.93 கிராமுக்கு மேற்படாத எடையும் உடைய ஒரு சிறு பந்தை, தொலைவில் உள்ள 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழியில் விழச் செய்தல் வேண்டும். இவ்வாறு பதினெட்டுக் குழிகள். பையில் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். யார் மிகக் குறைவாக அடிக்கிறாரோ அவரே வெற்றியாளர். அடிமேல் அடி அடிப்பவன் தோற்கும் ஆட்டம் உலகில் ஒன்று உண்டென்றால் அது இதுவே!

ஆடுபவரின் தரத்தை ‘ஹாண்டிகேப்’ என்னும் எண்ணால் குறிப்பர். எண் குறையக் குறைய ஆட்டம் தேர்ந்தது என்பது பொருள். 2020 முதல் உலகெங்கும் ஒரே கணக்கு முறை நடைமுறைக்கு வந்தது. ஒருவர் கடைசியாக ஆடிய இருபது ஆட்டங்களுள் சிறந்த எட்டைத் தேர்ந்து, அவற்றின் சராசரியைக் கொண்டு இந்த எண் கணிக்கப்படுகிறது. ஆகவே இது நம் அன்றாட ஆட்டத்தை அன்று, நம்மால் இயன்ற நல்ல ஆட்டத்தையே காட்டுகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்வது பின்னர்ப் பயன்படும்.

நாம் அறிந்த அன்பர் ஒருவர் செம்பூரில் குடியிருக்கும் பொறியாளர். நாற்பதைக் கடந்த பின், மருத்துவர் நடக்கச் சொன்னார் என்பதற்காக இவ்விளையாட்டைத் தொடங்கியவர். முதல் ஆண்டில் பதினெட்டுக் குழிகளுக்கு 130 அடிகள் வரை அடித்தார். இரண்டாம் ஆண்டின் முடிவில் 98 அடிகளில் முடித்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதன் பின் மூன்று ஆண்டுகள் உருண்டோடின. எண்ணிக்கை 96க்கும் 101க்கும் இடையிலேயே ஊசலாடியது. வாரந்தோறும் விடியற்காலையில் எழுந்து செல்வதும், விலையுயர்ந்த மட்டைகளை மாற்றி மாற்றி வாங்குவதும் பயன் தரவில்லை. “இதற்கு மேல் நமக்கு வராது, பையை விற்றுவிடப் போகிறேன்” என்று ஒருநாள் நம்மிடம் சொன்னார். அவர் குரலில் இருந்தது விளையாட்டைப் பற்றிய சலிப்பு மட்டுமன்று. வயது ஏறிவிட்டது, இனிக் கற்பதற்கு ஒன்றும் இல்லை என்னும் அச்சமும் அதில் கலந்திருந்தது. அந்த அச்சமே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

கற்றலில் தோன்றும் இந்தத் தேக்கத்தை அறிஞர்கள் ‘பீடபூமி’ என்று குறிப்பிடுகின்றனர். பெயர்ப் பொருத்தத்தை மும்பைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. புனே வழியாக ஊருக்குச் செல்லும் இரயில் கர்ஜத் நிலையத்தில் நிற்கும். பின்னால் துணை எஞ்சின்கள் இணைக்கப்படும். 37 அடி தூரத்துக்கு ஓர் அடி உயர்வு என்னும் கடுமையான ஏற்றத்தில், குகைகளின் ஊடே வண்டி போர்க்காட் மலையில் ஏறும். லோணாவளா வந்ததும் ஏற்றம் முடிந்து, தக்காணத்தின் சமநிலம் தொடங்கிவிடும். வண்டி நிற்கவில்லை, விரைவாகவே ஓடுகிறது; ஆனால் உயரம் மட்டும் கூடுவதில்லை. கற்போர் நிலையும் இதுவே.

இதனை முதன்முதலாக அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்னும் இருவர். 1897, 1899ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் தந்தி பழகும் மாணவரைப் பற்றியவை. தந்தி அனுப்பும் திறன் ஓரளவு சீராக உயர்ந்தது. வந்த செய்தியைக் காதால் கேட்டு அறியும் திறனோ சில மாதங்கள் உயர்ந்து, பின்னர்ப் பல வாரங்கள் அப்படியே நின்று, அதன் பின் மீண்டும் உயர்ந்தது. காரணத்தை அவர்கள் இவ்வாறு விளக்கினர்: மாணவன் முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்கிறான், பிறகு சொல் சொல்லாகவும், இறுதியில் சொற்றொடராகவும் கேட்கப் பழகுகிறான். கீழ்ப்படியில் உள்ள பழக்கம் தானே இயங்கும் அளவுக்கு முதிரும்வரை, மேற்படிக்குச் செல்ல மனத்துக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஆகவே தேக்கம் என்பது வெளியே தெரியாமல் உள்ளே நடக்கும் வேலைக்கான காலம் என்பது அவர்கள் கருத்து.

பின்வந்தோர் இதனை முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1958இல் ஃபிரெட் கெல்லர் என்னும் உளவியலறிஞர் இதனை ‘மாயப் பீடபூமி’ என்றே அழைத்து, கற்போர் எல்லோரும் இத்தகைய தேக்கத்தைக் கடந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று எடுத்துக்காட்டினார். இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. தேக்கம் தவிர்க்க முடியாத இயற்கை விதி அன்றெனின், அதற்குக் காரணம் பெரும்பாலும் பழகும் முறையிலேயே இருத்தல் வேண்டும்.

1967இல் ஃபிட்ஸ், போஸ்னர் என்னும் இருவர், உடல் திறனைக் கற்பதில் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினர். முதல் நிலையில் ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்கிறோம். இரண்டாம் நிலையில் பிழைகளைக் களைந்து அசைவுகளை ஒன்றோடொன்று இணைக்கிறோம். மூன்றாம் நிலையில் கை தானாகவே இயங்குகிறது. நாம் எண்ண வேண்டியதில்லை. மூன்றாம் நிலை வசதியானது. ஆனால் அதில் ஓர் இடர் மறைந்துள்ளது. கை தானாக இயங்கும்போது அதிலுள்ள குறைகளும் தாமாகவே இயங்கும். நன்கு பதிந்த பழக்கத்தோடு நன்கு பதிந்த பிழையும் நம்மோடு வாழத் தொடங்கிவிடும். நம்மை இவ்வளவு தூரம் ஏற்றிவிட்ட பழக்கமே, இதற்கு மேல் ஏறவிடாமல் பிடித்து வைப்பதும் ஆகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மாதுங்காவுக்கு வந்து குடியேறிய நம் முன்னோருள் பலரிடம் இருந்த முதல், தட்டச்சும் சுருக்கெழுத்துமே அன்றோ? தமிழகத்தில் இன்றும் நடைபெறும் தட்டச்சுத் தேர்வுகளில், ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்களும் முதுநிலைக்கு 45 சொற்களும் வேண்டும். நாம் மாணவராய் இருந்தபோது முப்பதை எளிதில் எட்டி, முப்பத்தைந்தில் நின்று பல மாதங்கள் வாடியதுண்டு. நாள்தோறும் கூடுதலாக ஒரு மணி நேரம் தட்டியும் வேகம் கூடவில்லை. ஒருநாள் ஆசிரியர் நம் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, விசைப்பலகையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். நாம் அறியாமலே ஓரக்கண்ணால் விசைகளைப் பார்த்து வந்திருக்கிறோம்! அன்று நம் வேகம் இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டது. அழுகை வந்தது. ஆனால் இரண்டு மாதங்களுக்குள் நாற்பதைக் கடந்தோம். கூடுதலாக உழைத்ததனால் அன்று. பிழையை ஒருவர் கண்டு சொன்னதனாலும், இறங்குவதற்கு நாம் உடன்பட்டதனாலுமே அது நிகழ்ந்தது.

இனி நம் அன்பரிடம் திரும்புவோம். தம் குறை பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கடைசி அடிகளில் இருப்பதாக அவர் உறுதியாக நம்பினார். எட்டடித் தொலைவிலிருந்து உருட்டிய பந்து குழியின் விளிம்பில் நின்றுவிட்டால் அன்று இரவு அவருக்கு உறக்கம் வாராது. ஆனால் அமெரிக்காவின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடித் தொலைவிலிருந்து ஏறத்தாழப் பாதித் தடவைதான் வெற்றி பெறுகின்றனர். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, இலட்சக்கணக்கான அடிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். தேர்ந்தவருக்கும் தேராதவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, குழியிலிருந்து 100 கஜத்துக்கு அப்பால் அடிக்கும் அடிகளிலேயே ஏற்படுகிறது என்பது அம்முடிவு. கடைசியில் தவறவிட்ட அடி கண்ணை உறுத்துகிறது. முதலில் இழந்த அடி நினைவினின்று மறைகிறது. குடும்பச் செலவிலும் இவ்வாறே, கைதவறிக் கொட்டிய பால் நினைவில் நிற்கும்; மாதமெல்லாம் கசிந்த குழாய் நினைவில் நில்லாது.

ஆகவே முதற்கடமை கணக்கு எழுதுவது. நம் அன்பர் பத்து ஆட்டங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தார். எந்த அடியில், எந்த மட்டையால், பந்து எங்கே விழுந்தது என்பது மட்டுமே குறிப்பு. பத்தாவது ஆட்டத்தின் முடிவில் அவருக்குப் பெருவியப்பு. குழியருகே அவர் வீணாக்கியது ஆட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று அடிகளே. குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தளத்தை நோக்கி அடித்த பந்துகளோ பெரும்பாலும் அத்தளத்தை எட்டாமல் முன்னாலேயே விழுந்திருந்தன. அதனால் இழந்தவை ஏழு எட்டு அடிகள்.

காரணம் என்ன? இதற்கு விடை சொன்னவர் அவருடைய மட்டைப்பையைச் சுமந்து உடன்வரும் தமிழ்ப் பெரியவர். இப்பணி செய்வோரைக் கோல்ஃப் வழக்கில் ‘கேடி’ என்பர். நம் ஊர்க் காவல் நிலையங்களில் வழங்கும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இரும்பு மட்டைகளில் எண் குறையக் குறையப் பந்து தொலைவாகச் செல்லும். நம் அன்பர் என்றோ ஒருநாள் ஏழாம் எண் மட்டையால் 150 கஜம் அடித்திருந்தார். அன்றுமுதல் 150 கஜம் என்றால் ஏழாம் எண் என்று மனத்தில் பதிந்துவிட்டது. அவருடைய சாதாரண அடியோ 135 கஜத்தைத் தாண்டுவதில்லை. தம் சிறந்த அடியைத் தம் இயல்பான அடி என்று கொண்டதே பிழை. குறிப்பேட்டைக் காட்டியபோது பெரியவர் சிரித்துக்கொண்டே, “சார், மூன்று வருஷமாக ஆறாம் நம்பரைத்தானே நான் கையில் எடுத்துக் கொடுக்கிறேன், நீங்கள்தான் வாங்கிப் பையில் போட்டுவிட்டு ஏழை எடுக்கிறீர்கள்” என்றாராம். அன்பர் நாணித் தலைகுனிந்தார். மூன்று ஆண்டுகள் பணங்கொடுத்துத் தேடிய மருந்து, தம் பையைச் சுமந்தவரின் கையிலேயே இருந்திருக்கிறது.

மட்டை சுமப்போரின் அறிவை எளிதாக எண்ணலாகாது என்பதற்கு வரலாறே சான்று. 1991இல் இந்திய ஓப்பன் போட்டியில் வென்ற அலி ஷேர், டில்லி கோல்ஃப் மன்றத்தில் மட்டை சுமந்து வளர்ந்தவர். அதற்கு முன் அப்போட்டியில் வென்ற இந்தியர் 1965இல் பி. ஜி. சேத்தி ஒருவரே. அலி ஷேர் 1993இல் மீண்டும் வென்றார். 2009இல் அதே போட்டியில் வாகை சூடிய பெங்களூரின் சி. முனியப்பாவும் மட்டை சுமந்தவரே. பிறர் ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து நோக்கிய கண்கள் அவர்களுக்கு வாய்த்திருந்தன. தன் வீச்சைத் தானே காண இயலாத குறை எல்லோருக்கும் உண்டு. அதனைக் காட்ட ஆசிரியரோ, உடன்வருபவரோ, இக்காலத்தில் கைப்பேசியில் எடுக்கும் படமோ வேண்டும்.

அடுத்தது பழகும் முறை. பயிற்சித் திடலில் ஒரே மட்டையால், ஒரே திசையில், ஐம்பது பந்துகளைத் தொடர்ந்து அடிப்பதே பலர் வழக்கம். இருபதாவது பந்துக்கு மேல் எல்லாம் அழகாகப் பறக்கும், மனம் மகிழும். மறுநாள் ஆட்டத்தில் அந்த அழகு காணாமற் போகும். ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்பது இதற்கும் பொருந்தும். 1979இல் ஷே, மார்கன் என்னும் ஆய்வாளர் இருவர், மூன்று வகைக் கையசைவுகளை இரு குழுவினருக்குக் கற்பித்தனர். ஒரு குழு ஒவ்வொரு வகையையும் முழுதாக முடித்து அடுத்ததற்குச் சென்றது. மற்றொரு குழு மூன்றையும் கலந்து பழகியது. பயிற்சியின்போது முதற்குழுவே சிறந்து விளங்கியது. நாட்கள் கழித்துச் சோதித்தபோதோ, கலந்து பழகியவரே மிகுதியாக நினைவிற் கொண்டிருந்தனர். பயிற்சியில் எளிதாகத் தோன்றுவது ஆட்டத்துக்கு உதவாமற் போகலாம். பயிற்சியில் தடுமாறச் செய்வது பின்னர்க் கைகொடுக்கலாம்.

செம்பூரின் குறுகிய சந்துகளில் இதனை ஏட்டறிவின்றியே கண்டுகொண்டவர்கள் இருக்கிறார்கள். மட்டை சுமக்கும் இளைஞர்கள் இரும்புக் கம்பியை வளைத்து மட்டையாக்கி, பிளாஸ்டிக் பந்தைக் கொண்டு, தாங்கள் குடியிருக்கும் குடிசைப் பகுதியிலேயே கோல்ஃப் ஆடிவருவது செய்திகளில் வந்துள்ளது. அங்கே ஒரே அடியை இருமுறை அடிக்க வழியில்லை. ஒருமுறை சாக்கடையைத் தாண்ட வேண்டும். மறுமுறை தண்ணீர்க் குடங்களுக்கு நடுவே செல்ல வேண்டும். அண்டை வீட்டுக் கதவிலும் படலாகாது. ஒவ்வோர் அடிக்கும் கருத்து முழுவதும் வேண்டும். தாராவியில் தோல் தைக்கும் இளைஞனும், இன்று பை, நாளை இடைவார் என மாறி மாறி வேலை வரும்போதே கைத்திறன் பெறுகிறான். திடலில் பழகுவோரும் ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றிப் பழகுதல் நன்று.

மூன்றாவதாக, இறங்குவதற்கு அஞ்சாமை வேண்டும். பிடியை மாற்றினாலும் நிற்கும் நிலையை மாற்றினாலும் சில வாரங்கள் ஆட்டம் கெடவே செய்யும். விசைப்பலகையின் மேல் துண்டு போட்ட நாளை நினைவில் கொள்க. ஆகவே ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் போதும். அதனை ஓர் ஆட்டத்தைக் கொண்டு மதிப்பிடலாகாது. ஹாண்டிகேப் கணக்கே இருபது ஆட்டங்களை நோக்குகிறது அன்றோ? அந்தப் பொறுமை ஆடுபவனுக்கும் வேண்டும்.

இவற்றோடு ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஆடி, இடையில் மட்டையைத் தொடாதவர் உள்ளதைக் காத்துக்கொள்ளலாம். பெரிதும் உயர்தல் அரிது. நேரத்துக்கும் உடலுக்கும் எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லையை நாம் உண்மையில் தொட்டோமா, அல்லது பாதி வழியிலேயே அமர்ந்துகொண்டு அதற்கு எல்லை என்று பெயரிட்டோமா என்பதைக் கணக்கு எழுதாமல் அறிய முடியாது.

நம் அன்பர் பையை விற்கவில்லை. பெரியவர் நீட்டும் மட்டையை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார். ஓர் ஆண்டுக்குப் பின் அவருடைய எண்ணிக்கை 91, 92 என்று வந்திருக்கிறது. இது வியத்தகு சாதனை அன்று. ஆயினும் ‘இனி இல்லை’ என்று அவர் மூடிய கதவு திறந்துவிட்டது. இப்போது அவர் அதே மன உறுதியோடு மராத்தி படிக்கிறார்.

இச்செய்தி வெளி மாநிலங்களில் வாழும் நம் எல்லோருக்கும் உரியது. வந்த முதல் ஆண்டிலேயே கடைக்காரரிடம் காய்கறி வாங்கவும், ஓட்டுநருக்கு வழி சொல்லவும் போதுமான இந்தியோ மராத்தியோ நமக்கு வந்துவிடுகிறது. அதன் பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்தும் அதே முப்பது வாக்கியங்களில் நின்றுவிடுகிறோம். அண்டை வீட்டார் துயருற்ற வேளையில் ஆறுதல் சொல்ல நாவில் சொல் எழுவதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் இதற்கு விலக்கல்லோம்; அலுவலகக் கோப்பின் இந்தி கைவந்த பின்னும், படிக்கட்டில் எதிர்ப்படும் மூதாட்டியின் மராத்திக்குப் பல ஆண்டுகள் புன்னகையையே விடையாகத் தந்து வந்தோம். இதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. அந்த முப்பது வாக்கியங்களே போதும் என்று கைக்குப் பழகிவிட்டதுதான்.

எங்கே தடுமாறுகிறோம் என்று ஒரு வாரம் எழுதிப் பார்ப்போம். தெரிந்தவரிடம் பிழையைச் சுட்டச் சொல்வோம். சில நாட்கள் மற்றவர் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்வோம். பீடபூமியும் நாம் ஏறிவந்த உயரமே. அதற்கு அப்பாலும் மலைகள் உண்டு. ஏறுவதற்குத் துணை எஞ்சின் ஒன்றைப் பூட்ட வேண்டும், அவ்வளவே.